மோட்டாருக்கு 10 வருட வாரண்டி, பேரிங்குக்கு?

எங்கள் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் துவைப்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. காலர் அழுக்கு தேய்க்காமலே போகும். 1200 ஆர்பிஎம் ஸ்பின்னில் பிழிந்த துணி, கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஏழெட்டு வருடம் உழைத்தது. ஆனாலும் இந்த மாடலை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதலில் வந்தது சின்னக் கோளாறு. தண்ணீர் வெளியேறவில்லை, உள்ளே தண்ணீர் நின்றதால் கதவும் திறக்கவில்லை. கீழ் மூலையில் இருக்கும் ஃபில்டரைத் திருகி எடுத்தால் ஒரு ஹேர்பின், நூல் கட்டி. எடுத்துப் போட்டதும் ஓடியது. (பிளக்கைப் பிடுங்கி, அடியில் தட்டு வைத்துவிட்டுத் திறங்கள்.)

அப்புறம் ஆரம்பித்த சத்தம் வேறு ரகம். ஸ்பின் வேகம் ஏற ஏற, விமானம் கிளம்புகிற இரைச்சல். ஷாக் அப்சார்பராக இருக்கும் என்று நினைத்தோம். வந்த மெக்கானிக் நிதானமானவர். மெஷினை அணைத்து, டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் கவலையில்லை, அது ஸ்பிரிங். டிரம் மட்டும் லொடலொடத்தால் பேரிங் (டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம்) போய்விட்டது. எங்களுடையது லொடலொடத்தது. பின்பக்கத்தைக் கழற்றியதும், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குக் கீழே துருக்கறை வழிந்திருந்தது. பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கசிந்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

சரி, பேரிங்கை மாற்றிவிடலாமே என்றால், அங்கேதான் வம்பு. இந்த மாடலில் வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிட்டார்கள். பேரிங் தேய்ந்தால் தொட்டி, டிரம் எல்லாமே மொத்தமாகப் புதிது போட வேண்டும். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டியது. முகப்பில் பெரிதாக ஒட்டியிருக்கும் 10 வருட வாரண்டி மோட்டாருக்கு மட்டும். அந்த மோட்டார் இன்னும் ஜம்மென்று சுற்றுகிறது, அதைக் கேட்டால்தான் எரிச்சல்.

பம்ப், பெல்ட், கதவு லாக் என்று எது போயிருந்தாலும் ரிப்பேர்தான் செய்திருப்பேன். பேரிங் என்பதால் மெஷினையே மாற்ற முடிவு செய்துவிட்டோம். இந்த முறை ஸ்டார் ரேட்டிங்குக்கு முன்னால், தொட்டி ஒட்டியதா, ஸ்க்ரூ போட்டுத் திறக்கக்கூடியதா என்று கேட்கிறேன். ஷோரூம் ஆட்கள் முழிக்கிறார்கள். சர்வீஸ் செய்கிறவர்களிடம் கேட்டால், மாடல் நம்பரைச் சொன்னதும் பதில் வந்துவிடுகிறது.