கடைசிப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துத் தரும் பாய் கடை

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் வாடகை நூலகம். பலகையில் எழுத்து அழிந்துவிட்டது; நாங்கள் எல்லோரும் 'பாய் கடை' என்றுதான் சொல்கிறோம். முன்பணம் 300 ரூபாய், புத்தகத்துக்கு வாரம் 15. மாத நாவல்கள், வார இதழ்த் தொடர்களைச் சேர்த்துத் தைத்த பைண்டிங்குகள் எல்லாம் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். தூசி அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள்.

நான் நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ். பகலில் தூக்கம் வராத நாட்களில் உளவியல் திரில்லர்தான் துணை. அந்த வகைப் புத்தகம் எடுத்தால் பாய் கடைசி இருபது பக்கத்தைச் சேர்த்து ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துத் தருவார். "அவசரப்படாதீங்க சிஸ்டர், அங்க வந்ததும் பிரிச்சுக்கோங்க" என்பார். 1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். பாய் அடிக்கிற பின்னும் அதே அக்கறைதான்.

போன வாரம் எடுத்தது, மறதி நோய் வந்த மனைவியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கணவனின் கதை. பின்னைப் பிரித்த நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி. என்னவென்று சொல்லமாட்டேன். மத்தியானம் இரண்டு மணி, வேலூர் வெயில், கையில் முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. பழக்கதோஷத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். படுத்திருந்தபடியே 104! சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டியிருக்கிறது. நாய் துரத்தினாலும் அதேதான் கொட்டும்.

அப்புறம் நான் மேலே படிக்கவில்லை. முன்னால் புரட்டி 12ஆம் பக்கத்துக்குப் போனேன். அங்கே பால் டம்ளர் காலியாகத்தான் இருக்கிறது. எழுதியவர் அப்போதே சொல்லிவிட்டார், நான்தான் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டாக்டர் ரிசல்ட்டைச் சொன்னதும் பல வீட்டுக்காரர்கள் உடனே அழுவதில்லை. "பொங்கலுக்கே சரியா சாப்பிடலயே, அப்பவே இளைச்சிருந்தாரே" என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போவார்கள். அழுகை அதற்குப் பிறகுதான். எனக்கும் அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் வந்தது, அந்த மனைவிக்காக.

அந்த வரிக்குப் பக்கத்தில் எனக்கு முன்னால் படித்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் பென்சிலில் 'பாவி' என்று எழுதியிருந்தார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது. இன்னொருவர் 'அய்யோ அம்மா'. அதற்குக் கீழே வெறும் ஒரு நகக்கீறல். கிழிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

குறையும் உண்டு. முன்பு எடுத்த ஒரு நாவலில் முதல் பக்கத்திலேயே யாரோ கொலையாளி பெயரைப் பேனாவில் எழுதி வைத்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாய் 15 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, அந்த இடத்தில் காகிதம் ஒட்டினார். இன்னொன்றில் 88க்குப் பிறகு 97. எடுக்கும் முன் பக்க எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும்.

நேற்று திருப்பிக் கொடுத்தபோது ஒரு காலேஜ் பெண் அதே புத்தகத்துக்குக் கை நீட்டினாள். "முடிவு நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாய் கடைசிப் பக்கங்களைத் தட்டிச் சேர்த்து ஸ்டேப்ளரை எடுத்தார்.