ஸ்டாக்பவர் கேபிளைக் கழற்றுவது: பிடுங்குவதா, அணைப்பதா, பிரித்துவிட்டுக் கழற்றுவதா?

பல நெட்வொர்க் ஸ்விட்ச்களைக் கேபிளால் இணைத்து ஒன்றாக இயக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3850 அடுக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு வகைக் கேபிள்கள் தெரியும். ஒன்று டேட்டாவுக்கு, இன்னொன்று கரண்டுக்கு. இரண்டையும் திருகாணி போட்டுத்தான் முடுக்கியிருப்பார்கள். அவசரத்தில் மாற்றிப் பிடித்துவிடுவது சுலபம். டேட்டா கேபிளை இரண்டு இடத்தில் கழற்றினால் அடுக்கு இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் ஒரே ஐபி முகவரியோடு "நான்தான் தலைவன்" என்று நிற்கும். ஆகவே திருகாணியில் கை வைக்கும் முன் கேபிளை முனையிலிருந்து முனை வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

இனி கரண்டு கேபிள். ஸ்விட்ச்கள் ஒன்றுக்கொன்று கரண்டைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஸ்டாக்பவர் என்று பெயர். ஸ்டாக்பவரில் வளையமாக 4 ஸ்விட்ச் வரை இணைக்கலாம். எல்லா பவர் சப்ளைகளின் வாட்டும் ஒரே பானையில் விழும், யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் சிக்கலும் இங்கேதான். எந்த ஸ்விட்ச் சொந்தச் சோற்றில் வாழ்கிறது, எது பக்கத்து வீட்டுச் சோற்றில் வாழ்கிறது என்பது வெளியே தெரியாது. பழுதான சப்ளையை எடுத்துவிட்டுப் புதியது போட மறந்த ஸ்விட்ச்கூட மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் வழி, ஓடும்போதே நேராகப் பிடுங்குவது. பலர் செய்வது இதுதான். காரணம், முதல் கேபிளைக் கழற்றும்போது ஒன்றும் ஆகாது. வளையம் அறுந்து நேர்கோடாகிறது, அவ்வளவுதான். கரண்டு மறுபக்கமாக வந்துவிடும். அந்தத் தைரியத்தில் இரண்டாவதைக் கழற்றும்போதுதான் விஷயம் தெரியும். ஒரே ஸ்விட்சின் இரண்டு கேபிள்களையும் எடுத்தால் அது தனித்துவிடும். வேறு வேறு இடத்தில் எடுத்தால் அடுக்கு இரண்டு பானைகளாகப் பிரியும், ஒன்றில் வாட் மிஞ்சும், இன்னொன்றில் பற்றாது. பற்றாத பக்கத்தில் ஸ்விட்ச் தானாகவே சுமையைக் குறைக்கத் தொடங்கும். முன்னுரிமை எண் 1 முதல் 27 வரை. எண் பெரிதானால் முதலில் வெட்டு. யாரும் எண்ணை மாற்றவில்லை என்றால் முதலில் சாதாரண பிஓஇ போர்ட்டுகள் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே போன் போன்ற கருவிகளுக்குக் கரண்டு தருபவை), அப்புறம் முக்கியம் என்று குறித்த போர்ட்டுகள், கடைசியில் ஸ்விட்சே.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கழற்றுவது. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேபிளுக்காக மாடி முழுக்க நெட்வொர்க்கை நிறுத்த மேலாளர் நள்ளிரவைத்தான் தருவார். ரேக்கையே இடம் மாற்றுவதானால் சரி, மற்றபடி ஈயை அடிக்க உலக்கை.

மூன்றாவது, எடுக்கப்போகும் ஸ்விட்சை முதலில் கட்டளையால் கூட்டத்திலிருந்து பிரிப்பது. அமைப்புகளை மாற்றும் கன்ஃபிக் மோடில் "ஸ்டாக்-பவர் ஸ்விட்ச் 3" (3 என்பது அந்த ஸ்விட்சின் எண்), அதன் கீழ் "ஸ்டாண்டலோன்". உடனே அந்த ஸ்விட்சின் இரண்டு ஸ்டாக்பவர் போர்ட்டுகளும் மூடிக்கொள்ளும். கேபிள் இன்னும் செருகியே இருக்கும், கரண்டு பகிர்வு மட்டும் நின்றுபோகும். இதில் எனக்குப் பிடித்தது, தப்பு நடந்தால் திரும்பி வர முடியும் என்பது. ஏதாவது போன் அணைந்தால் அந்த வரியை "நோ" போட்டு நீக்கினால் போதும். பிடுங்கியவரோ இருட்டில் ரேக்குக்குப் பின்னால் முழங்காலிட்டு கேபிளைத் திரும்பச் செருகிக்கொண்டிருப்பார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கட்டளையையும் அடிக்கக் கூடாது. முதலில் கணக்கு. 48 போர்ட் 3850-இல் ஒரே ஒரு 715 வாட் சப்ளை இருந்தால் பிஓஇக்குக் கிடைப்பது 435 வாட். 30 வாட் ஒதுக்கீடு கேட்கும் வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகள் 14 இருந்தால் அதற்கே 420 போய்விடும். மிச்சம் 15 வாட்டில் 7 வாட் போன் இரண்டுதான் வைக்கலாம். அங்கே 10 போன் இருந்தால் மொத்தம் 490, அதாவது 55 வாட் இதுவரை பக்கத்து ஸ்விட்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. "ஷோ ஸ்டாக்-பவர்", "ஷோ என்விரான்மென்ட் பவர்" இரண்டையும் பார்த்தால் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

குறைகிறது என்றால் காலியாக இருக்கும் இரண்டாவது இடத்தில் இன்னொரு சப்ளையைச் செருகுங்கள், ஓடும்போதே செருகலாம். கையில் உபரி சப்ளை இல்லையா? சில போர்ட்டுகளுக்கு பிஓஇயை நீங்களே நிறுத்துங்கள். எது அணைய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பது, ஸ்விட்ச் தீர்மானிப்பதைவிட நல்லது. சொந்தச் சப்ளையே இல்லாத ஸ்விட்சுக்கு இந்த மூன்றாவது வழியும் கைகொடுக்காது. சப்ளை போடாமல் அதைப் பிரிக்க வேண்டாம்.

அடுக்கு எந்த முறையில் ஓடுகிறது என்பதும் கணக்கை மாற்றும். பகிர்வு முறையில் எல்லா வாட்டும் செலவுக்கு வந்துவிடும். ரிடண்டன்ட் முறையில் இருப்பதிலேயே பெரிய சப்ளையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பட்ஜெட் போடும். ஸ்ட்ரிக்ட் என்று வைத்திருந்தால் இன்னும் கறார்: வாட் பட்ஜெட்டுக்குக் கீழே இறங்கியதும், உண்மையில் அவ்வளவு செலவாகிறதா என்று பார்க்காமல் வெட்டத் தொடங்கிவிடும். அந்த அமைப்பில் பிடுங்கு வழியை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஸ்விட்சை எடுத்த பிறகு மிச்சமுள்ள மூன்றும் நேர்கோடாக நிற்கும். கேபிள் 30 செ.மீ., 150 செ.மீ. என இரண்டு நீளத்தில் கிடைக்கிறது. நீளமானதால் இரண்டு முனைகளையும் சேர்த்தால் மறுபடி வளையம். ஸ்விட்ச் அதே இடத்துக்குத் திரும்புவதானால் கேபிளை மாட்டிவிட்டு ஸ்டாண்டலோன் வரியை நீக்க மறக்க வேண்டாம். அந்த வரி இருக்கும்வரை, கேபிள் அழகாக மாட்டியிருந்தாலும் அதில் கரண்டு ஓடாது.