ராப்பா, பெயின்ட்டா? உரிக்கும் நாளை நினைத்து முடிவெடுங்கள்

கம்பெனி பெயின்ட் பழுதில்லாமல் இருக்கிற காரின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் வினைல் ராப்தான், அதாவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிறப் பிளாஸ்டிக் ஃபிலிம்தான், என் கட்சி. கிளியர் கோட் (நிறத்தின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) உரிந்து, கதவின் அடி விளிம்பில் துரு எட்டிப்பார்க்கும் காருக்குப் பெயின்ட்டைத் தவிர வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கார்களுக்குத்தான் அலசல் தேவைப்படுகிறது.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ராப் மூன்று முதல் ஐந்து நாள் வேலை. நிறம் மாற்றும் பெயின்ட்டை ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று வாரம் ஆகும். மேட் (பளபளப்பில்லாத), சாட்டின் (லேசாக மினுங்கும்) நிறங்கள் ராப்பில் சுலபம். பெயின்ட்டில் அடிக்கவும் கஷ்டம், பிறகு ஒட்டுப்போடவும் கஷ்டம். செலவில் பலரும் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் வராது, இரண்டையும் குறுக்குவழி இல்லாமல் செய்கிற பட்சத்தில். பாதி விலை சொல்கிறவரிடம் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள். ராப்பில் விடுவது ஃபிலிமின் தரம். பெயின்ட்டில் விடுவது கதவின் உள்விளிம்பும் பானட்டின் அடிப்பக்கமும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது மறுவிற்பனை. தொழிற்சாலையில் கண்ணாடி, ரப்பர், ஒயர், சீட் எதுவும் ஏறாத வெறும் இரும்புக் கூட்டுக்குத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் அடிப்பூச்சுகளை 140 டிகிரிக்கு மேலும் சுட முடிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரை அந்தச் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் போய்விடும். ஆகவே வெளிக்கடையின் பெயின்ட் அறையில், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த 2கே பெயின்ட்டை அடித்து 60, 70 டிகிரியில் காயவைக்கிறார்கள். கைதேர்ந்தவர் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டருக்குத் தெரியும். கம்பெனி பெயின்ட்டின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். அதன் மேல் இன்னொரு முறை அடித்தால் 200, 300 என்று ஏறும். பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பிய இடத்தில் 500ஐத் தாண்டும்.

பழைய கார் எடுப்பவர்கள் இப்போது தடிமன் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்க்கிறார்கள். சுற்றிலும் 250 காட்டினால், ஆசைக்கு நிறம் மாற்றிய கதையா, இடிபட்டு நிமிர்த்திய கதையா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. வாங்குபவர் இரண்டாவதையே நினைத்துக்கொண்டு விலையைக் குறைப்பார். கதவுக் கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் வெடித்திருப்பது, ரப்பர் பீடிங் ஓரத்தில் புதுநிறம் படிந்திருப்பது ஆகியவையும் அவர் கண்ணில் படும். ராப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஃபிலிமும் பசையும் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரான் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கூடும். உரித்தால் பழைய எண் திரும்பி வரும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது. அங்கே இந்தக் கணக்கு ராப்புக்கும் செல்லாது, பெயின்ட்டுக்கும் செல்லாது.

ஆனால் ராப் சுத்தமாக உரிந்து வந்தால்தான் இந்த லாபமெல்லாம். அது ஒட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஃபிலிமின் வகை. காஸ்ட் ஃபிலிம் திரவமாக ஊற்றி உலரவைத்தது. அதற்குள் இழுவிசை தங்காது. காலண்டர்ட் ஃபிலிம் உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தட்டையாக்கியது. வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரத்தில் முடி அளவுக்குப் பசைக்கோடு தெரிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் சுருக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 3எம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்டபிள்யூ900 போன்றவை காஸ்ட் வகை. ரோல் அகலம் 1.52 மீட்டர். சின்ன ஹேட்ச்பேக்குக்கு 15 மீட்டர், செடானுக்கு 18, பெரிய எஸ்யுவிக்கு 20க்கு மேல் கணக்கு வையுங்கள். ஹேட்ச்பேக்குக்கு 11 மீட்டர் போதும் என்பவர் துண்டு போட்டு ஒட்டப்போகிறார், அல்லது அளவுக்கு மீறி இழுக்கப்போகிறார்.

இழுப்பதில் வரும் கோளாறைப் பார்க்க வேண்டுமானால் கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலுள்ள குழியைப் பாருங்கள். தட்டையான ஃபிலிமை அந்தக் குழிக்குள் அழுத்தினால் அது மெலிந்து நிறம் வெளுக்கும், பசையும் மெலியும். ஒட்டிய அன்று அழகாக இருக்கும். இரண்டு வெயில் பட்டதும் குழியின் நடுவில் கூடாரம் போல எழும்பி நிற்கும். இதைத் தடுக்க, ஒட்டி முடித்தபின் அந்த இடத்தை ஹீட் கன்னால் 100 டிகிரி வாக்கில் சூடாக்கி ஃபிலிமின் நினைவை, அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணத்தை, அழிக்க வேண்டும். சூட்டைக் கை மதிப்பில் விடாமல் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்க்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள். சிலர் இதற்குப் பதில் எல்லா ஓரத்திலும் பிரைமர் (பிடிப்பைக் கூட்டும் திரவம்) தடவிவிடுவார்கள். பிடிப்பு அபாரமாக இருக்கும். உரிக்கும்போதுதான் பசை மொத்தமும் பெயின்ட்டிலேயே தங்கும்.

அடுத்தது கத்தி. காரின் மேலேயே பிளேடு வைத்து ஓரம் வெட்டினால் கிளியர் கோட்டில் கீறல் விழும். ராப் இருக்கும்வரை தெரியாது. உரித்த பிறகு நேர்கோடாகத் தெரியும், ஆழமாக இறங்கியிருந்தால் துருவும் அங்கே தொடங்கும். நைஃப்லெஸ் டேப் (கத்தியில்லாமல் ஃபிலிமை அறுக்கும் நூல் பதித்த டேப்) போடுவீர்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

மூன்றாவது, அடியில் இருக்கும் பெயின்ட். வெளியில் அடித்த பேனலில் பிடிப்பு சரியில்லையென்றால் உரிக்கும்போது ஃபிலிமோடு பெயின்ட்டும் தகடாக வந்துவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலுக்கு ஒரு மாதமாவது ஆற விடாமல் ராப் போட்டால் அடியிலிருந்து கரைப்பான் ஆவி கிளம்பிக் குமிழ் விடும். துருவின் மேல் ஒட்டுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். பள்ளத்தையும் கல்லடி வடுவையும் ராப் மறைக்காது. பளபளப்பான ஃபிலிமில் இன்னும் எடுப்பாகவே தெரியும்.

உரிக்கும் முறையில் மந்திரமில்லை. பரப்பைத் தொட முடிகிற, ஆனால் கை வைத்திருக்க முடியாத சூட்டுக்கு, அதாவது 50, 60 டிகிரிக்குக் கொண்டுவந்து, செங்குத்தாக இழுக்காமல் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். அதிகம் சூடாக்கினால் பசை ஃபிலிமை விட்டுப் பிரிந்து காரிலேயே தங்கும். உரிக்க வேண்டிய காலம் தாண்டிய ஃபிலிம் நகக்கண் அளவுத் துண்டுகளாக உடைந்து வரும். அதற்கு ஆகும் கூலி புது ராப்பை எட்டிப்பிடிக்கும். வெட்டவெளியில் நிற்கும் காரில் முதலில் முற்றுவது பானட், கூரை, டிக்கி மேல்பக்கம். கதவுகளை நம்பிக் காலத்தைக் கணக்கிடாதீர்கள். நம் வெயிலில் நல்ல காஸ்ட் ஃபிலிமுக்கு நான்கைந்து ஆண்டு, அதுவும் மேலே நிழல் இருந்தால். குரோம், நிறம்மாறும் ஃபிலிம்களை அத்தனை காலம் தொடர்ந்து கவனித்ததில்லை. அவற்றுக்கு இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம்.

பராமரிப்பில் பெயின்ட்தான் ஜெயிக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. லேசான கீறலைப் பாலிஷில் எடுக்கலாம், பிரஷர் வாஷருக்குப் பயப்பட வேண்டாம். ராப்பில் தண்ணீர்த் துப்பாக்கியை ஒரு அடிக்கு உள்ளே கொண்டுபோகவோ ஓரத்தை நோக்கிப் பிடிக்கவோ கூடாது. பறவை எச்சம், சிந்திய பெட்ரோல் இரண்டையும் அன்றே துடைக்க வேண்டும். மேட் ஃபிலிமுக்கு மெழுகு போட்டால் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். கீறல் ஆழமாக விழுந்தால் அந்தப் பேனல் முழுவதும் மாற்ற வேண்டும்.

கதவைத் திறந்தால் பழைய நிறம் தெரியும் என்பது ராப்பின் நிரந்தரக் குறை. வெள்ளிக் காருக்குச் சாம்பல் நிறம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெள்ளைக் காருக்குச் சிவப்பு என்றால் ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

நிறம் ஆர்சியில் பதிவாகும் விவரம். ராப் உரியக்கூடியதுதானே என்று விடாமல், முழுக் காரையும் மாற்றுவதற்கு முன்பு ஆர்டிஓவில் எழுதிக் கேட்டு, இன்சூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள். ஆலிவ் பச்சை ராணுவ வாகனங்களுக்கு மட்டும் உரியது, அந்த ஆசை வேண்டாம்.

ராப் என்று முடிவானால் இரண்டு மீட்டர் கூடுதலாக அதே ரோலிலிருந்து வாங்கி வையுங்கள். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் சாயல் மாறும். மெட்டாலிக் ஃபிலிமுக்குத் திசையும் உண்டு. தலைகீழாக ஒட்டிய கதவு பக்கத்துக் கதவோடு சேராது. மீதியை மடிக்காமல் சுருட்டி, எந்தப் பக்கம் மேலே என்று பின்தாளில் ஒரு அம்புக்குறி போட்டு, சூடில்லாத அறையில் வையுங்கள்.