வீட்டிலேயே புதுப்பித்த பழைய மரச்சாமான்கள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வண்ணம் பூசி முடித்த வாரத்தில் எந்தப் பழைய சாமானும் புதியதாகத்தான் தோன்றும். பூச்சின் தரம் தெரிய ஆண்டுகள் ஆகும். அலமாரி, மேசை, கை வைத்த நாற்காலி ஆகியவற்றை நானே புதுப்பித்து அன்றாடம் பயன்படுத்தி வருவதால், எந்தப் பூச்சு எங்கே நிலைத்தது என்பதை இப்போது ஓரளவு உறுதியாக எழுத முடிகிறது.

அலமாரிக்கு எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் பூசினேன். வெளிப்புறம் இன்றும் வழவழப்பாக, கீறலின்றி இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால் உட்புறம் வேறு நிறம்: இந்த வகை எனாமலிலுள்ள அல்கைட் பிசின், வெளிச்சம் படாத இடத்தில் விரைவாக மஞ்சளிக்கும் இயல்புடையது. அடர்நிறங்களில் இது கண்ணில் படாது. வெள்ளைதான் வேண்டுமென்பவர்கள் நீர் சார்ந்த அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அந்த அக்ரிலிக்கை மேசைக்குப் பூசியிருந்தேன். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும் என்றாலும், அது முழுமையாக இறுகுவதற்கு மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மேலே கனமான எதையும் வைக்காமல் பொறுத்திருந்ததன் பயனாகக் கால்களும் சட்டமும் இன்றுவரை உரியவில்லை. மேற்பலகையின் கதை வேறு. நன்கு இறுகிய பிறகும், புழுக்கமான நாட்களில் அதன்மீது நெடுநேரம் இருந்த கனத்த பொருட்கள் இலேசாக ஒட்டிக்கொண்டன. பிறகு அந்தப் பூச்சை நீக்கி, பாலியூரித்தேன் என்ற நிறமற்ற, கடினமான வார்னிஷை அடித்தேன், தொல்லை நின்றது. மேசைக்காலுக்கு வண்ணம், மேற்பலகைக்கு மரநிறம் என்பதே இப்போது என் முடிவு.

பூச்சு எதுவாயினும், அதன் ஆயுளில் பெரும்பங்கு அடிவேலைக்கு உரியது. முதலில் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலரவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். பின்பு 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) உப்புத்தாளை மாற்றி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் வார்னிஷுக்கு அடியில் பளிச்செனத் தெரியும். வெள்ளைப் பூச்சின் மேல் சில மாதங்கள் கழித்துப் பழுப்புக் கறை எழுவது மரத்திலுள்ள டானின் என்ற இயற்கையான நிறப்பொருள் கசிவதால்தான். அரக்கு கலந்த பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அதைத் தடுக்கிறது, சாதாரண நீர் சார்ந்த பிரைமர் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆடும் மூட்டுகளில் பட்டி அடைப்பது வீண்வேலை, ஈரப்பதத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும்போது பட்டி உதிர்ந்துவிடும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசையிட்டு இறுக்கிக் கட்டுவதே நிற்கிறது.

நாற்காலியில் அரக்கை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் ஏற்கெனவே இருந்தது. மறைவான இடத்தில் எரிசாராயம் நனைத்த பஞ்சை வைத்ததும் பூச்சு பிசுபிசுத்ததால் அது தெரிந்தது. சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது இதன் குறை. ஆனால் புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு கலந்துவிடுவதால், சேதமான இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடிகிறது. எனாமலில் ஒட்டுப்போட்ட விளிம்பு மறையவே மறையாது. நல்ல மரத்துக்கு நான் பிரெஞ்சு பாலிஷைத்தான் விரும்புவேன்.

மிகப் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் அதை உலர்நிலையில் தேய்க்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துப் போட்டு உலர்த்த வேண்டும்.

இழுப்பறையின் பக்கப் பலகைகளுக்கும் அவை ஓடும் தடத்துக்கும் நான் எதையும் பூசவில்லை. பூச்சின் கனமே அவற்றை இறுக்கிவிடும். மெழுகுவத்தியை அவ்வப்போது தேய்த்துவிடுவது போதுமானதாக இருக்கிறது.