ஒன்பது ஆண்டுகள் டி.சி.சி. மாதிரியோடு: ஐந்து நாணயங்களுக்கு இரண்டே எண்கள்

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நண்பர் ஒருவர், யூரோ, சுவிஸ் ஃபிராங்க், பவுண்ட் ஆகிய மூன்றின் ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து ஆராயப் பெக் (BEKK) மாதிரியை எடுப்பதா, டி.சி.சி. (DCC) மாதிரியை எடுப்பதா என்று சென்ற வாரம் கேட்டார். ஒரு வரியில் விடை எழுதத் தொடங்கினேன். ஒரு வரியில் அடங்கவில்லை. இரண்டுமே, ஒரு தொடரின் ஏற்ற இறக்கம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று கணிக்கும் கார்ச் (GARCH) மாதிரியைப் பல தொடர்களுக்கு விரிப்பவை. கார்ச்சை ஏற்கெனவே கையாண்டவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நான் ஆராய்வது மேற்சொன்ன மூன்றோடு ஜப்பானிய யென்னும் ஆஸ்திரேலிய டாலரும் சேர்ந்த ஐந்து நாணயங்கள், அமெரிக்க டாலருக்கு எதிராக நாள்தோறும் காணும் மாற்றங்களை. போலர்ஸ்லேவ், எங்கிள், வுல்ட்ரிட்ஜ் மூவரும் 1988-இல் முன்வைத்த, இவற்றுக்கு முந்தைய வெக் (VEC) வடிவத்தை ஐந்து தொடர்களுக்கு முழுமையாக எழுதினால் 465 அளவுருக்களை மதிப்பிட வேண்டும். 1995-இல் வெளியான பெக், முழு வடிவில் 65 கேட்கும். ராபர்ட் எங்கிள் 2002-இல் வெளியிட்ட டி.சி.சி., முதலில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனியாக ஒரு கார்ச்சைப் பொருத்திவிட்டு, அது தரும் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எச்சங்களின் ஒட்டுறவை, அதாவது அவை எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டும், அடுத்த கட்டத்தில் நாளுக்கு நாள் நகர்த்துகிறது. முதற்கட்டத்தில் 15 அளவுருக்கள், இரண்டாம் கட்டத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு: புதிய அதிர்ச்சிக்கு எவ்வளவு கனம் என்பது ஆல்ஃபா, பழைய நிலை எவ்வளவு தங்கும் என்பது பீட்டா. நீண்டகால ஒட்டுறவு அணியைத் தரவிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கனம் எனக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆல்ஃபாவும் பீட்டாவும் எதிர்ம எண்களாக இல்லாமல், அவற்றின் கூடுதல் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும், ஒட்டுறவு அணி ஒருநாளும் குலையாது. இதற்கு முன் நான் நூறு நாள் நகரும் சாளரத்தை, அதாவது கடைசி நூறு நாள்களின் தரவிலிருந்து மட்டும் ஒட்டுறவைக் கணக்கிடும் முறையைப் பயன்படுத்தினேன். அதில் ஒரு பெரிய அதிர்ச்சி நூறு நாளும் ஒரே கனத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, நூற்றோராம் நாள் சந்தையில் ஒன்றுமே நடக்காதபோது ஒட்டுறவைத் திடீரென்று மாற்றிவிட்டுப் போகும். டி.சி.சி.யில் அதே அதிர்ச்சி படிப்படியாகத் தேய்கிறது, பீட்டா 0.97 என்றால் அதன் கனம் ஏறத்தாழ 23 வணிக நாள்களில் பாதியாகிறது. 2016 ஜூன் 24 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்த செய்தியில் பவுண்ட் டாலருக்கு எதிராக ஏறத்தாழ 8 சதவீதம் விழ, யென் உயர்ந்தது. அந்த இணையின் ஒட்டுறவுக் கோடு உடனே கீழே இறங்கிப் பின்பு மெல்ல மீண்டதைப் பார்த்தபோது, இந்த மாதிரியைத் தேர்ந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

என்னை இத்தனை ஆண்டுகளாக வருத்துவது அந்த இரண்டு எண்களேதான். ஐந்து நாணயங்களில் பத்து இணைகள் உண்டு. பத்துக்கும் அதே ஆல்ஃபா, அதே பீட்டா. யூரோவும் ஃபிராங்கும் அண்டை வீட்டாரைப்போல் நகர்பவை; யென்னும் ஆஸ்திரேலிய டாலரும் உலகச் சந்தையில் அச்சம் பரவும்போது எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. இவற்றின் உறவுகள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறி ஒரே வேகத்தில் மீளும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் கிடைத்ததில்லை.

இதன் விளைவை 2015 ஜனவரி 15-இல் பார்க்க வேண்டும். ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த வரம்பைச் சுவிஸ் தேசிய வங்கி அன்று முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. ஃபிராங்கின் திட்டப்படுத்திய எச்சத்தை 20 என்று குறைத்தே வைத்துக்கொண்டு, ஆல்ஃபாவை 0.02 என்று எடுத்துக்கொண்டால், ஒட்டுறவாக மாற்றுவதற்கு முன் மாதிரி நகர்த்தும் இடைநிலை அணியின் மூலைவிட்டத்தில் அந்த நாணயத்துக்குரிய உறுப்பு ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாகிறது. அதன் வர்க்கமூலம் மூன்று. ஒட்டுறவைப் பெற அந்த மூன்றால் வகுக்க வேண்டியிருப்பதால், யூரோ அன்று அசையாமலே இருந்திருந்தாலும், 0.9 ஆக இருந்த யூரோ–ஃபிராங்க் ஒட்டுறவு 0.3 ஆகிவிடும். அதோடு முடிவதில்லை. ஃபிராங்கின் கார்ச் மறுநாளிலிருந்து மிகப் பெரிய ஏற்ற இறக்கத்தை எதிர்பார்ப்பதால், அடுத்த வாரங்களின் எச்சங்கள் எல்லாம் மிகச் சிறியவையாகி, கலைந்த உறவை மீட்டெடுக்கப் போதிய வலிமை இல்லாமல் கிடக்கின்றன.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது அந்த நாணயத்தின் சொந்தக் கதை. ஃபிராங்கை நீக்கிவிட்டு மற்ற நான்குக்கும் மறுபடி மதிப்பிட்டபோது பவுண்ட்–யென் கோடு இடம் மாறியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பவுண்டின் தரவில் ஓர் எண்ணும் மாறவில்லை, யென்னின் தரவிலும் மாறவில்லை. பொதுவான ஆல்ஃபாவும் பீட்டாவும் மாறின, அவ்வளவுதான். சூரிச்சில் எடுத்த ஒரு முடிவு, அதில் தொடர்பில்லாத இரண்டு நாணயங்களின் பத்தாண்டு வரலாற்றைத் திருத்தி எழுதுவதை எந்த அறிக்கையிலும் என்னால் நியாயப்படுத்த முடிந்ததில்லை.

சரிசெய்யும் முயற்சிகளையும் சொல்ல வேண்டும். 2013-இல் ஆய்வாளர் ஐயெல்லி டி.சி.சி.க்குத் தந்த திருத்தம் மதிப்பீட்டின் கோட்பாட்டுக் குறையை நேர்மையாகச் சீராக்குகிறது; என் படத்தில் அதனால் மாற்றம் அதிகமில்லை. இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாகத் தடித்த வால் கொண்ட, அதாவது பெரிய அதிர்ச்சிகளுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும் டி-பரவலைப் போட்டது கூடுதலாக உதவியது. இணைகளுக்குத் தனித்தனி எண் தரும் விரிவாக்கங்களும் உண்டு. ஆனால் அளவுருக்கள் மறுபடி பெருகும்போது, எந்தச் சிக்கனத்துக்காக இங்கே வந்தேனோ அது கையைவிட்டுப் போகிறது.

ஆகவே நண்பருக்கு என் விடை: பெக்கை எடுங்கள். மூன்று தொடர்களுக்கு அது கேட்பது 24 அளவுருக்கள். பத்தாண்டு நாள்தரவு அதைத் தாங்கும். அதன் எண்களுக்குப் பொருள் சொல்வது கடினம்தான், 2015 ஜனவரி அதையும் அடிக்கும். ஆயினும் மூன்று உறவுகளையும் இரண்டே எண்களில் கட்டிப்போடாது. ஐந்து நாணயங்களோடு நான் டி.சி.சி.யிலேயே இருப்பேன், நாளைக் காலையும் அதைத்தான் ஓட்டுவேன். அதற்காக அதை உங்களுக்குப் பரிந்துரைக்க இன்று மனம் வரவில்லை. எதை எடுத்தாலும், அந்த ஜனவரி 15-ஐ வைத்து ஒருமுறையும் விலக்கி ஒருமுறையும் மதிப்பிட்டு, இரண்டு படங்களையும் ஆய்வேட்டில் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்.