வெள்ளி நானோ துகளுக்கு வேப்பிலையா, கிரீன் டீயா?

சிங்கப்பூரில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டத்துக்கு வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், செய்ய வேண்டியிருந்தது. சோடியம் போரோஹைட்ரைடு என்ற வேதிப்பொருள், வேப்பிலை, கிரீன் டீ என மூன்று வழிகள். கடைசியில் கிரீன் டீயில்தான் நின்றேன்.

போரோஹைட்ரைடு வேகமானது. துகள்கள் சிறியதாக, ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஆனால் நச்சுப் பொருள். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். இலையிலேயே வேலை முடியும்போது அதை நாடத் தோன்றவில்லை.

இலைவழி எல்லாமே ஒரு மாதிரிதான். சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பின் நீர்த்த கரைசலில் (1 மில்லிமோலார்) இலைச்சாற்றை விட்டால், சாற்றிலுள்ள பொருள்கள் கரைந்திருக்கும் வெள்ளி அயனியை உலோகமாக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அவற்றின் மேலே படிந்தும் கொள்ளும். கரைசல் பழுப்பாகும். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கிவிடும்.

வேப்பிலையில்தான் தொடங்கினேன். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்கத் துகள்கள் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. தேக்கா சந்தையில் ஒரு கட்டு வேப்பிலை வாங்கி, 10 கிராம் இலையை 100 மில்லி நீரில் கொதிக்க வைத்தேன். துகள் கரைசல் எந்த அலைநீள ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் உச்சம் 425 நானோமீட்டரில் அழகாக வந்தது. அடுத்த வாரக் கட்டில் அது 445க்குப் போய் அகன்றும் விட்டது. துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். மூன்றாவது கட்டில் மணிக்கணக்காகியும் நிறம் சரியாக ஏறவில்லை. எடை, சூடு, நேரம் எதையும் நான் மாற்றவில்லை. கடைக்கார அக்காவிடம் கேட்டேன். “நேத்து வந்த இலைதாம்மா. எந்த மரத்துல பறிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். இளசா முற்றலா, பறித்து எத்தனை நாள் என்பதெல்லாம் சாற்றை மாற்றும். திரும்பச் செய்தால் அதே துகள் வராவிட்டால் என் அளவீடுகளுக்கு என்ன மதிப்பு? எனக்கு முடிவைத் தந்தது இதுதான்.

கிரீன் டீ காய்ந்த சரக்கு. திட்டம் முழுவதற்கும் போதுமானதை ஒரே தடவையில் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தேன். 1 கிராமுக்கு 100 மில்லி நீர், 80 டிகிரி, 10 நிமிடம். தேயிலையிலுள்ள கேட்டச்சின்கள் என்ற பொருள்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. ஐந்து வாரமும் உச்சம் 3 நானோமீட்டருக்குமேல் நகரவில்லை. சாறு நின்றால் கறுத்துவிடும், அதனால் அன்றன்றைக்கே போட வேண்டும். வேறு பிராண்டுக்கு மாறினால் அளவை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

வேப்பிலையையும் நிழலில் உலர்த்தி மொத்தமாகப் பொடித்தால் இந்தச் சிக்கல் குறையலாம். இரண்டு முறை செய்தேன், நன்றாகவே வந்தது. இரண்டை வைத்து உறுதி சொல்ல மாட்டேன். தங்கத் துகளில் எனக்கு அனுபவமே இல்லை.

அப்புறம், எந்த இலையானாலும் மிச்சக் கரைசலில் வெள்ளி இருக்கும். கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். இங்கே சிங்கப்பூரில் கழிவுநீர்தான் சுத்திகரிக்கப்பட்டுப் ‘புதுநீர்’ என்ற மறுபயன்பாட்டு நீராகிறது. அந்தச் சுத்திகரிப்பில் பாதி வேலை பாக்டீரியாவுடையது, வெள்ளியோ பாக்டீரியாவைக் கொல்வது. தனிப் பாட்டிலில் சேர்த்து ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.