பேக்ஸ்லாஷா, எஸ்கேப்பா, லிட்டரல்பாத்தா?

சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்துக்கு இரவில் கோப்புகளை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அன்று முடிந்த கல்யாணப் பத்திரிகைகளை வெளி டிஸ்குக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டிசைனர் தம்பி பெயர் வைக்கும் அழகு இருக்கிறதே: "முருகன் & வள்ளி 12.11 (2) [இறுதி]". ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் குறிமொழி) பார்த்தால் மிரண்டுவிடும், புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் அதில் தனிப் பொருள்.

அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, முதலில் கையாலேயே முன்னால் பேக்ஸ்லாஷ் (\) போட்டேன். அடைப்புக்குறிகளைக் கவனித்தவன் புள்ளியைக் கோட்டைவிட்டேன். ரெஜெக்ஸில் புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. அதனால் 12.11 தேடியபோது 12411 என்ற பில்லும் கூடவே வந்து நின்றது. இன்னொரு தொல்லை: பைத்தானில் \( என்றால் வெறும் அடைப்புக்குறி, உரையைத் தேடி மாற்றும் செட் (sed), தேட மட்டும் செய்யும் சாதா கிரெப் (grep) என்ற இரண்டு கட்டளைகளிலும் அதுவே குழு தொடங்கும் குறி. தலைகீழ்! பத்துப் பெயருக்கு மேல் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

அடுத்தது எஸ்கேப் ஃபங்ஷன். பைத்தானின் ரீ மாட்யூலில் இருக்கிறது, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் டாட்நெட் வழியாகக் கிடைக்கும். பெயரைக் கொடுத்தால் தேவையான இடத்தில் தானே பேக்ஸ்லாஷ் போடும். பைத்தான் 3.7-க்கு முன்பு தமிழ் எழுத்துக்குக்கூடப் போட்டுத் தள்ளும். பார்க்க அசிங்கம், பொருத்தம் என்னவோ சரிதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது தேடும் பக்கத்துக்கு மட்டுமே. செட்டில் மாற்றும் பக்கம் "முருகன் & வள்ளி" என்று எழுதினால், & இருக்கும் இடத்தில் பொருந்திய சொல் முழுதும் வந்து உட்காரும். அங்கே \& என்று நாமே எழுத வேண்டும்.

எனக்கு உண்மையில் அடி விழுந்தது பவர்ஷெல்லில். காலையில் டிஸ்கைத் திறந்தால் "[இறுதி]" போட்ட ஒன்றுகூட இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. அங்கே நகலெடுக்கும் கட்டளையான காப்பி-ஐட்டத்துக்குப் பெயரைக் கொடுக்கும் இடம் பாத், அது ரெஜெக்ஸே பார்ப்பதில்லை. அது பார்ப்பது வைல்டுகார்டு (* போலப் பல பெயர்களுக்குப் பொருந்தும் குறி). அதற்கு [இறுதி] என்பது உள்ளே இருப்பவற்றில் ஏதோ ஓர் எழுத்து. சரி, ரெஜெக்ஸ் எஸ்கேப் செய்து கொடுப்போம் என்றால் இன்னும் மோசம்: விண்டோஸில் பேக்ஸ்லாஷ்தான் ஃபோல்டர் பிரிக்கும் குறி, இல்லாத ஃபோல்டரைத் தேடிப் போகும். பாத்துக்குப் பதில், பெயரை உள்ளபடியே எடுக்கும் லிட்டரல்பாத் என்று மாற்றினேன், ஒரே சொல், எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, ஆர்டர் நோட்டிலிருந்து முழுப் பெயர் கையில் இருந்தால் என் ஓட்டு லிட்டரல்பாத்துக்கே, ரெஜெக்ஸ் எதற்கு? "இந்த ஜோடியின் எல்லாத் தேதிகளும்" என்பது போலத் தேடும்போது மட்டும் பைத்தான்: பெயருக்கு எஸ்கேப், தேதிக்கு ரெஜெக்ஸ், இரண்டையும் ஒட்டிவிடுவேன்.

அங்கேயும் தமிழுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. பைத்தானின் ரீ மாட்யூலில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w, எழுத்து அல்லது எண்ணைக் குறிப்பது) உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே எண்ணாது. "மதுரை" கொடுத்தால் "மத" என்று நின்றுவிடும். அதனால் பெயர் தெரியாமல் தேடும்போது பெயர்ப் பகுதிக்கு அதைத் தொடுவதில்லை, [^(\[]+ என்று எழுதிக்கொள்கிறேன்: அடைப்புக்குறி வரும்வரை எதுவானாலும் எடு.